பட்டம் கிடைக்கும், பட்டறைக் கதவு திறக்குமா?

(வெளிநாட்டில் ஏரோஸ்பேஸ் மேற்படிப்பு குறித்து, பொறியியல் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போயிங் நிறுவனம் வேலைக்கு எடுத்த முதல் வானூர்திப் பொறியாளர் அமெரிக்கர் அல்லர். அவர் பெயர் வாங் சூ. 1893-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். கடற்படைப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போய் வானூர்திப் பொறியியல் படித்தார். எம்.ஐ.டி. என்றதும் நமக்குக் குரோம்பேட்டைதான் நினைவுக்கு வரும். இது பாஸ்டன் நகருக்கு எதிரே, சார்லஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். வில்லியம் போயிங் கட்டிய முதல் விமானத்தை அமெரிக்கக் கடற்படை வாங்கவில்லை. 1916-இல் படிப்பை முடித்த கையோடு சியாட்டிலுக்குப் போன வாங் சூ, அடுத்து வந்த 'மாடல் சி' மிதவை விமானத்தின் வடிவமைப்பில் முன்நின்றார். கடற்படை அதில் ஐம்பது வாங்கியது. கம்பெனி நிமிர்ந்தது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1935-இல், இன்னொரு சீன இளைஞர் அதே எம்.ஐ.டி.க்கு வந்தார். சியான் சுவேசென். ஷாங்காயில் இயந்திரவியல் படித்து, உதவித்தொகை பெற்றுக் கப்பலேறியவர். ஓராண்டில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டார். ஆனால் வானூர்திப் பொறியியல் மாணவர் தொழிற்சாலையில் சில காலம் கைவேலை பழக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அன்றைய அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளோ சீனரை உள்ளே விடத் தயாராக இல்லை. வாங் சூவுக்குத் திறந்திருந்த கதவு ஒரு தலைமுறைக்குள் சாத்தப்பட்டிருந்தது. சியான் கோட்பாட்டுப் பக்கம் திரும்பினார். காகிதமும் கணிதமும் இருந்தால் போதும், தொழிற்சாலை அனுமதி வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் தியோடர் ஃபான் கார்மானிடம் சேர்ந்து 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இன்று செவ்வாய்க் கோளுக்கு ஊர்தி அனுப்பும் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1950-இல், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில், அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955-இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் ஏவுகணைத் திட்டமும் விண்வெளித் திட்டமும் அவர் தலைமையில்தான் வளர்ந்தன. 1970 ஏப்ரல் 24 அன்று சீனாவின் முதல் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றத் தொடங்கியது.

இவர்கள் இருவரின் கதையை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினித் துறையைப் போல, திறமை இருந்தால் எந்த நாட்டிலும் போய் வேலை பார்த்துவிடலாம் என்று ஏரோஸ்பேஸ் துறையில் சொல்ல முடியாது. செயற்கைக்கோளைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டும் வெடிகுண்டைத் தூக்கிச் செல்லும் ஏவுகணையும் ஒரே அறிவியலில் பிறந்தவை. அதனால் அரசுகள் இந்தத் துறையின் வாசலில் எப்போதும் காவல் போட்டிருக்கின்றன. வகுப்பறை வரை பெரும்பாலும் எல்லோரும் வரலாம். பட்டறைக்குள் யார் வரலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. எம்.எஸ். படிக்க வெளிநாடு கிளம்புகிற மாணவர், தரவரிசைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஒன்றை விசாரிக்க வேண்டும்: அந்த நாட்டில் எந்தக் கதவு வரை என்னை விடுவார்கள்?

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1976-இல் அங்கே ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் கீழ் இயங்கும் விதிகளைத் துறையில் எல்லோரும் 'ஐடார்' என்றுதான் சொல்வார்கள். ஏவுகலம், ராக்கெட் எஞ்சின், போர் விமானம் ஆகியவற்றின் தொழில்நுட்பத் தகவலை வெளிநாட்டவர் ஒருவருக்குக் காட்டுவதே ஏற்றுமதிக்குச் சமம் என்பது அதன் அடிப்படை. வரைபடம் கடல் கடக்க வேண்டியதில்லை. ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் இந்தியரின் கணினித் திரையில் திறந்தாலே போதும், அதற்கு அரசின் உரிமம் வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகளாகவும் தஞ்சம் பெற்றவர்களாகவும் ஏற்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு அந்தத் தடை இல்லை. மாணவர் விசாவில் இருப்பவருக்கு உண்டு. ஸ்பேஸ்எக்ஸ், லாக்ஹீட் மார்ட்டின் போன்ற நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் குடியுரிமை பற்றிய பத்தி ஒன்று தவறாமல் இடம்பெறுவது இதனால்தான்.

கல்லூரிப் பாடத்துக்கு இந்தத் தடை கிடையாது. பர்டூவிலோ ஜார்ஜியா டெக்கிலோ மிச்சிகனிலோ ராக்கெட் உந்துவியல் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரலாம். வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணும் வாங்கலாம். ஆனால் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட ராணுவ ஆய்வு ஏதாவது அதே வளாகத்தில் நடந்தால், அந்த ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது. படிப்பு முடிந்ததும் ஓராண்டும், அறிவியல் தொழில்நுட்பப் பட்டம் என்பதால் கூடுதலாக 24 மாதமும், ஆக மூன்றாண்டு வேலை பார்க்க அனுமதி உண்டு. அந்த மூன்றாண்டில் நம் மாணவர்கள் பலர் போய்ச் சேர்வது கார் நிறுவனங்களிலும் காற்றாலை நிறுவனங்களிலும் காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி. மென்பொருள் எழுதும் நிறுவனங்களிலும்தான். பயணிகள் விமானத் துறையில் கட்டுப்பாடு சற்றுத் தளர்வு என்பதால் சிலருக்கு அங்கே இடம் கிடைக்கிறது. இவையெல்லாம் நல்ல வேலைகள். நல்ல சம்பளமும் உண்டு. ராக்கெட் செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்குத்தான் மனம் உடைகிறது. அந்த ஏமாற்றத்தை முன்கூட்டியே தவிர்க்க முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடனே எல்லோரும் கல்பனா சாவ்லாவைச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பெயர்தான். ஹரியானாவின் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் ஏரோநாட்டிகல் படித்து, 1982-இல் அமெரிக்கா போனவர். ஆர்லிங்டனில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1984-இல் முதுநிலைப் பட்டம். கொலராடோவில் இன்னொரு முதுநிலைப் பட்டமும், 1988-இல் டாக்டர் பட்டமும். அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1991-இல். நாசா அவரை விண்வெளி வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது 1994-இல். 1997-இல் முதல் பயணம். பட்டத்துக்கும் விண்ணோடத்துக்கும் நடுவில் குடியுரிமை என்ற படி இருந்ததைப் பேச்சுவாக்கில் நாம் விட்டுவிடுகிறோம். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை இன்று எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது இந்த அரங்கில் பலருக்குச் சொந்தத்திலேயே தெரியும்.

இனி ஐரோப்பா.

உலகின் முதல் வானூர்திப் பொறியியல் கல்லூரி 1909-இல் பாரிஸில் தொடங்கியது. இன்று துலூஸ் நகரில் இருக்கும் சுப்ஏரோ அதுதான். அதன் தொடக்க கால மாணவர்களில் இருவர் ஒரே காலத்தில் படித்தவர்கள். ஒருவர் மார்செல் ப்ளோக். பிற்காலத்தில் மார்செல் டசோ என்று பெயர் மாற்றிக்கொண்டவர். மற்றவர் மிகையில் குரேவிச். புரட்சி நடவடிக்கைகளுக்காக கார்கிவ் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு பிரான்சுக்கு வந்த மாணவர். 'மிக்' விமானத்தின் பெயரில் கடைசி எழுத்து அவருடையது. டசோவின் மிராஜும் ரஃபேலும், குரேவிச் தொடங்கிவைத்த மிக் வரிசையும் இந்திய விமானப்படையில் பறந்திருக்கின்றன. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் ஒரு வகுப்பறை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம்.

துலூஸ்தான் ஏர்பஸ்ஸின் தலைமையகம். சுப்ஏரோவில் ஆங்கிலத்திலேயே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பயணிகள் விமானத்தில் ஆர்வம் உள்ளவருக்கு அந்த ஊரின் காற்றிலேயே பாடம் இருக்கிறது. ஆனால் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் தொழிற்சாலைத் தளத்தில் பேச்சு பிரெஞ்சில்தான். ராணுவத் திட்டங்களுக்கு அங்கேயும் அனுமதிச் சோதனை உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையில் ஊழியராகச் சேர உறுப்பு நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள். இந்தியா உறுப்பு நாடு அல்ல. ஆக, இங்கேயும் கதவுகள் உண்டு. திறக்கும் கதவுகளின் எண்ணிக்கை மட்டும் சற்று அதிகம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே ஏரோஸ்பேஸ் துறையும் டச்சு வானூர்தி ஆய்வு மையமும் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்திருக்கின்றன. செஸ்னா சைட்டேஷன் ரக ஜெட். அதன் பதிவெண்ணிலேயே 'லேப்' என்று எழுதியிருக்கும். இளநிலை மாணவர்களையே அதில் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். மாணவர்கள் திரையைப் பார்த்து வேகம், உயரம், தாக்குகோணம், மிச்ச எரிபொருள் என்று குறித்துக்கொண்டே வருவார்கள். ஒரு கட்டத்தில் பின்னிருக்கையில் இருக்கும் ஒருவரை எழுந்து விமானியறைக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்வார்கள். ஓர் ஆள் எடை முன்னால் நகர்ந்ததும் விமானத்தின் ஈர்ப்பு மையம் மாறும். நேராகப் பறக்க வால் பகுதியின் எலிவேட்டரை வேறு கோணத்தில் வைக்க வேண்டிவரும். அந்தக் கோண வித்தியாசத்தை அளந்து, விமானத்தின் நிலைத்தன்மையைக் கணக்கிடுவார்கள். நம் கல்லூரிகளில் கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதி வருவிக்கிற அதே சமன்பாடு, அங்கே காலுக்கடியில் லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தை உடம்பால் உணர்ந்தவர்களோடு ஒரே வளாகத்தில் இரண்டாண்டு இருப்பதுதான் அங்கே முதுநிலைப் படிப்புக்குப் போவதன் பெரிய பலன்.

இதே டெல்ஃப்ட் மாணவர்கள் கட்டிய டெல்ஃபி-சி3 என்ற குட்டிச் செயற்கைக்கோள் எங்கிருந்து விண்ணுக்குப் போனது தெரியுமா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2008 ஏப்ரல் 28 அன்று பிஎஸ்எல்வி-சி9 பத்துச் செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. அவற்றில் டெல்ஃப்ட் மாணவர்களுடையது ஒன்று, ஜெர்மனியின் ஆகன் மாணவர்களுடையது ஒன்று, டென்மார்க்கின் ஆல்போர்க் மாணவர்களுடையது ஒன்று. ஜப்பானிய, கனடியப் பல்கலைக்கழகங்களின் செயற்கைக்கோள்களும் இருந்தன. நம் பிள்ளைகள் எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுகிறார்களோ அந்தக் கல்லூரி மாணவர்கள், தங்கள் செயற்கைக்கோளோடு சென்னைக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு வந்திருக்கிறார்கள். இங்கேயிருந்து போகிறவர் எதுவும் இல்லாத ஊரிலிருந்து போகவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டைச் சொல்லாமல் விட முடியாது. 1946-இல் வானூர்திக் கல்லூரியாகத் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே சொந்த விமான நிலையம். ஓராண்டுப் படிப்பு. விமான வடிவமைப்பு எடுத்தால், வகுப்பே ஒரு முழு விமானத்தைப் பகிர்ந்துகொண்டு வடிவமைக்கும். ஒருவருக்கு இறக்கையின் ஒரு பகுதி, ஒருவருக்குத் தரையிறங்கு சக்கரம். இங்கிலாந்துக்கு ஏரோஸ்பேஸ் படிக்கப் போகும் இந்தியர் விசாவுக்கு முன்பே 'ஏடாஸ்' என்ற பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும்.

ஜெர்மனி என்றதும் ஃபீஸ் இல்லை என்கிறார்கள். பாதி உண்மை. ஷ்டுட்கார்ட் இருக்கும் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கியது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஷ்டுட்கார்ட்டின் விண்வெளி ஆய்வுக்கூடம் 'ஃப்ளையிங் லேப்டாப்' என்ற செயற்கைக்கோளை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கட்டி 2017-இல் ஏவியது. அருமையான இடம். ஆனால் அந்த முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கிறது. மொழியை இங்கேயே படித்துத் தேறிவிட்டுப் போகத் துணிந்தவருக்குத்தான் அது.

போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கியாக வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சதீஷ் தவன் 1947-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அடுத்து கால்டெக், ஹான்ஸ் லீப்மான் அவருடைய ஆசிரியர். காற்று ஒரு பரப்பின் மேல் உரசி ஓடும்போது எவ்வளவு விசை பிறக்கிறது என்பதை அதுவரை பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் கணித்தார்கள். தவன் என்ன செய்தார் என்றால், தட்டையான உலோகப் பலகையில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் நூலிழை இடைவெளி விட்டு, அது பலகையைத் தொடாமல் மிதக்கும்படி பொருத்தினார். மேலே காற்று ஓடும்போது அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகரும். அந்த நகர்வை மின்கருவியால் அளந்தார். ஒலியின் வேகத்தைத் தாண்டிய காற்றோட்டத்திலும் இது செல்லுபடியானது. 1951-இல் டாக்டர் பட்டத்தோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் கையோடு கொண்டுவந்தது இந்தக் கைப்பழக்கத்தைத்தான். குறைந்த செலவில், சிறிய அளவில், ஒலியை மிஞ்சும் வேகத்துக்கான காற்றுச் சுரங்கத்தைப் பெங்களூரிலேயே கட்டினார். அவரிடம் படித்த ரொத்தம் நரசிம்மா, அதே லீப்மானிடம் போய் 1961-இல் டாக்டர் பட்டம் பெற்று, திரும்பிவந்து அதே கழகத்தில் பாடம் நடத்தினார். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர் தவன். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

நாகர்கோவிலில் பிறந்து மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த நம்பி நாராயணன், நாசா உதவித்தொகையில் பிரின்ஸ்டனுக்குப் போய் லூய்ஜி குரோக்கோவிடம் ராக்கெட் உந்துவியல் படித்தார். இஸ்ரோ திட எரிபொருளை நம்பியிருந்த காலத்தில் திரவ எரிபொருள்தான் வருங்காலம் என்று வாதாடியவர் அவர். எழுபதுகளில் பிரான்சின் வெர்னான் நகரில், வைக்கிங் எஞ்சின் பட்டறைக்குள் இந்தியப் பொறியாளர்கள் போனார்கள். பணத்துக்குப் பதிலாக அங்கே வேலை செய்து உழைப்பைக் கொடுத்தார்கள், தொழில்நுட்பத்தைப் பெற்றார்கள். அதிலிருந்து பிறந்த விகாஸ் எஞ்சின்தான் பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் எரிகிறது. அரசோடு அரசு பேசித் திறந்த கதவு அது. 

இன்றைய தலைமுறைக்கு அக்னிகுல் என்ற தனியார் ராக்கெட் நிறுவனம் இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், நிதித்துறை வேலையை விட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் முதுநிலைப் பட்டம் படித்தவர். திரும்பிவந்து, 2017-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சத்ய சக்கரவர்த்தியின் துணையோடு நிறுவனத்தைத் தொடங்கினார். 2024 மே 30 அன்று, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு, ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களே அமைத்த ஏவுமேடையிலிருந்து சோதனை ராக்கெட் பறந்தது. 2020-க்கு முன் இந்தியாவில் தனியார் ஒருவர் இதைச் செய்ய வழியே இல்லை. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். வெளிநாட்டில் சாத்தியிருக்கும் கதவு, உள்ளூரில் திறக்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ இந்திய அறிவியல் கழகத்திலோ எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வெளிநாடு போவதற்கு முன் இதையும் தட்டில் வைத்து எடை போட வேண்டும்.

சரி, போவது என்று முடிவான பிறகு? விண்ணப்பக் கடிதத்தில், சின்ன வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து வியந்தேன் என்று தொடங்குகிறார்கள். அந்த வியப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வுக் குழுவுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இறுதியாண்டு புராஜெக்டில் பலரும் நாக்கா 0012 இறக்கை வடிவத்தை மென்பொருளில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். குறைந்த கோணத்தில் விடை சோதனை முடிவோடு ஒத்துப்போகும். கோணத்தைக் கூட்டி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் இடத்துக்கு வந்ததும் விலகிவிடும். பலர் ஒத்துப்போன வரை மட்டும் வரைபடம் போட்டுக் காட்டி முடித்துவிடுகிறார்கள். விலகியது ஏன், எந்தக் கொந்தளிப்பு மாதிரியைப் பயன்படுத்தினேன், அதை மாற்றியபோது என்ன ஆனது என்று எழுதுகிற மாணவரைத்தான் பேராசிரியர்கள் தேடுகிறார்கள். அந்த ஒரு பத்தி, பக்கம் பக்கமான கனவுகளைவிட எடை கூடியது. அதே கேள்வியோடு எந்த ஆய்வகத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று தேடினால், கல்லூரியின் பெயர் தானாகவே வந்து நிற்கும். அந்தப் பேராசிரியருக்கு எழுதும்போதே கேட்டுவிடலாம்: இந்தியக் குடியுரிமை உள்ள மாணவர் உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யலாமா, உங்கள் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நேர்மையாகக் கேட்டால் நேர்மையான பதில் பெரும்பாலும் வரும்.

இங்கே வந்திருக்கும் கல்லூரித் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையிலிருந்து வெளிநாடு போனவர்கள் எந்த நாட்டில், எந்த ஆய்வகத்தில் படித்தார்கள், எவ்வளவு செலவானது, எந்தக் கதவில் தடுக்கப்பட்டார்கள், இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஒரு பதிவேடாக்கித் துறை நூலகத்தில் வையுங்கள். ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கிற பெற்றோர், அதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்கள் தொடங்குவதற்குள் அதைச் செய்துவிடுங்கள்.